மடியில் முடிந்த மண்

வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். புருஷனோடும் சண்டை, மழையோடும் சண்டை, சாமியோடும் சண்டை. எழுபத்தேழில் தமிழர்மேல் மூண்ட கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, கட்டிய துணியோடு ஓடிவந்து, வடக்கே ஓமந்தைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய சனங்களில் ஒருத்தி அவள். வந்த கையோடு புருஷன் பழனியாண்டி வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, "இதுதான் நம்ம மாரியாத்தா, கும்புடு" என்றான்.

கும்பிட்டாள்; மனம் ஒட்டவில்லை. புது இடத்தில் மாரியம்மனை வைப்பதென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து கல்லுக்கடியில் போடவேண்டும். அதுதான் முறை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் மண்ணையா அள்ளுவார்கள்? வயிற்றில் உண்டான பிள்ளைகள் இரண்டும் அடுத்தடுத்துக் கலைந்துபோனபோது வீரம்மா முடிவே கட்டிவிட்டாள். ஆத்தா இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறாள். இங்கே அழுவது அவள் காதில் விழாது.

"பிடிமண் எடுத்துட்டு வாங்க" என்று புருஷனை நச்சரித்தாள்.

"ஏன், சாமிக்கு வர வழி தெரியாதா? நான் கூட்டிக்கிட்டு வரணுமா?" என்று சிரித்தான் பழனியாண்டி. சிரித்தானே தவிர, பெண்டாட்டி பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன். எண்பத்து மூன்றில் ஆடி பிறந்ததும், அவள் துவைத்துக் கொடுத்த மஞ்சள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினான்.

அந்த ஆடியில்தான் மறுபடியும் கலவரம் மூண்டு நாடு பற்றி எரிந்தது. போனவன் திரும்பவில்லை.

"நான்தானே அனுப்பினேன், பாவி நான்தானே" என்று தலையிலடித்துக்கொண்டு கிடந்தாள் வீரம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் வயல் செய்த கமலாசனிதான் அவளைத் தூக்கி உட்கார்த்திக் கஞ்சி குடிக்க வைத்தாள்.

"அழாதை பிள்ளை. வற்றாப்பளை அம்மாளுக்கு நேந்துகொள். அம்மாளாச்சி கைவிடமாட்டா."

வைகாசிப் பொங்கலுக்கு இருவரும் அந்தக் கோயிலுக்குப் போனார்கள். அங்கே எண்ணெய்க்குப் பதில் கடல்தண்ணீரில் எரிகிற விளக்கைக் கண்டதும் வீரம்மா வாய்விட்டே கேட்டாள். "உப்புத்தண்ணியில வெளக்கெரிக்கிற உனக்கு எம்புருஷனைக் கொண்டாந்து விட முடியாதா?" அடுத்த வைகாசிக்கும் போய் அதையே கேட்டாள். போனவன் வரவில்லை.

அதன் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. ஒருநாள் வேப்பமரத்தடிக் கல்லைப் பெயர்த்து, கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய், அதன்மேல் சேலையை அடித்துத் துவைத்தாள்.

"ஐயோ! என்னடி வேலை பாக்கிறாய்?" என்று கமலாசனி பதறி ஓடிவந்தாள்.

"இது வெறுங்கல்லு, அக்கா. ஆத்தா இங்க வரவே இல்லையே" என்று வீரம்மா இன்னும் ஓங்கி அடித்தாள். அழுகையும் தண்ணீரும் முகத்தில் ஒன்றாக வழிந்தன.

சுடலைமுத்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அதே தோட்டத்துக்காரர். விசாரித்து விசாரித்து அவள் வீட்டைத் தேடி வந்தார்.

"அந்த ஆடியில உன் வீட்டுக்காரரைப் பாத்தேன் தங்கச்சி. கோயில்ல மண்ணெடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு, மடியில வச்சு இறுக்கிக் கட்டினாரு. ஒருநா தங்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். 'வீரம்மா பாத்துக்கிட்டு இருப்பா'ன்னு டவுனுக்கு எறங்கிட்டாரு. அன்னைக்குத்தான் டவுன்ல கடையெல்லாம் எரிஞ்சிச்சு. அப்புறம் யாருமே அவரைக் காணல."

வீரம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "மண்ணு அவரு மடியிலதானே இருந்திச்சு?"

"ஆமா தங்கச்சி. நான் பாக்கத்தான் கட்டினாரு."

அவர் போன பிறகு கிணற்றடிக் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். மூச்சு வாங்க வாங்க வேப்பமரத்தடிக்கே உருட்டி வந்து நட்டாள். மஞ்சள் பூசி விளக்கு வைத்தாள்.

கமலாசனி வேலியோரம் வந்து நின்றாள். "இந்தமுறை அம்மாள் கேப்பா, பிள்ளை. அவரைக் கொண்டுவரச் சொல்லிக் கும்பிடு."

வீரம்மா தலையசைத்து மறுத்தாள். கல்லின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல மெல்லப் பேசினாள்.

"ஆத்தா, இத்தனை வருஷமா வா வான்னு உன்னை ஏசினேன். வராத. அவரு மடியிலயே இரு. அந்த மனுஷன் எங்க கெடந்தாலும், தனியா விட்டுட்டு மட்டும் வந்துடாத."