மேசைக்காலுக்கு அடியில் ஒரு சலவைச் சீட்டு

அந்த எல்லை ஊரின் அரசு விருந்தினர் இல்லத்தில் அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் அவள்தான். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் தையற்காரர்கள் போட்டுக்கொள்ளும் அளவு டேப். பத்தொன்பது வருடங்களாக இந்த இரண்டும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

ஆற்றின் இரு கரையிலும் இருந்த நாடுகள் பேச உட்கார்ந்தால் அந்த இல்லத்தில்தான் உட்காரும். சமாதானம் செய்துவைக்க மூன்றாவதாக ஒரு பக்கத்து நாட்டிலிருந்து ஒரு தூதர் வருவார். ஒரு முறை அக்கரைக்காரர்களின் கொடி ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததாம். வந்தவர்கள் நின்ற நிலையிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். அன்று கழுத்தில் ஏறிய டேப் பிறகு இறங்கவேயில்லை. கொடிக்கம்பம், கதவுக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அளந்துவிடுவாள்.

"அக்கா, ரெண்டு பக்கத்துக்கும் ஈயைச் சமமாப் பிரிச்சாச்சா?" என்று சமையற்காரன் சீண்டுவான்.

"பிரிச்சாச்சு. ஒண்ணு மட்டும் அடுப்படியில மிச்சமா நின்னு பேசிக்கிட்டு இருக்கு."

சண்டை பதினைந்து கற்களைப் பற்றியது. வெள்ளத்தில் ஆறு தடம் மாறியதில், பதினான்காம் எண் எல்லைக்கல் முதல் இருபத்தெட்டாம் கல் வரை அக்கரைக்குப் போய்விட்டன. கல் எங்கள் கல், ஆகவே நிலமும் எங்களுடையது என்றது ஒரு நாடு. ஆறுதான் எல்லை என்றது மற்றது. பாலத்தின் கதவை இழுத்துச் சாத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒரே தங்கை இருந்தாள், சைக்கிள் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு. இது இல்லத்தில் யாருக்கும் தெரியாது. கதவு மூடிய மாதமே, அக்கரையில் உறவு உள்ள இரண்டு ஊழியர்களை எங்கோ மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்தபின் அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கை போன் செய்தால் யாராவது ஒட்டுக்கேட்பார்களோ என்று "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவாள். தங்கையும் விடவில்லை. மாதம் ஒரு முறை அக்காவின் அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்கென்றே கூப்பிட்டாள்.

இந்த முறை பேச்சுவார்த்தையின் இரண்டாவது விஷயமே, உறவினர்களுக்காக வாரம் ஒரு நாள் கதவைத் திறப்பதுதான். டேப்பக்கா எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தாள். யாரும் தலைமை இடத்தில் உட்கார்ந்ததாக ஆகக் கூடாதென்று கொண்டுவந்திருந்த வட்ட மேசை மட்டும் லேசாக ஆடியது. கையில் அகப்பட்ட ஒரு தாளை நான்காக மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. அளக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

முற்பகல் இடைவேளையில் அக்கரைப் பாதுகாப்பு அதிகாரி குனிந்து அதை உருவி எடுத்தார். பிரித்தார். முகம் மாறியது.

'வி 14. உ 28. து 21.'

"பதினாலு, இருபத்தெட்டு! கல்லோட நம்பரை எழுதி எங்க ஆளோட காலடியில வெச்சிருக்கீங்க. யாருக்குத் தகவல் இது?"

"உங்க ஆளே கொண்டுவந்து வெச்சிருக்கலாமே?" என்றார் இக்கரைப் பாதுகாப்பு அதிகாரி. அடுத்த நிமிடமே டேப்பக்காவைத் துணி அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சொல்லுங்க."

"சலவைச் சீட்டு, ஐயா. காலையில வண்டியில வந்தது. விரிப்பு பதினாலு, உறை இருபத்தெட்டு, துண்டு இருபத்தொண்ணு."

"பேப்பரே கிடைக்கலையா உங்களுக்கு?"

"மேசை ஆடிச்சுங்க ஐயா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது?"

உண்டென்று சொன்னால் சலவைச் சீட்டு அந்த நிமிடமே உளவுச் சீட்டாகிவிடும். பேச்சு முறியும். கதவு கதவாகவே நிற்கும்.

"யாரும் இல்லைங்க."

அவர் அதை எழுதி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சலவைச் சீட்டு என்று சொல்லியும் அக்கரைக்காரர் இலேசில் மசியவில்லை. "துணி இருக்குன்னா எண்ணிக் காட்டுங்க."

"நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க. நாங்க எண்ணினா நம்புவீங்களா?"

அப்படித்தான் மூன்று வருடத்தில் முதல் கூட்டு நடவடிக்கை துணி அறையில் தொடங்கியது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒருவர் எடுக்க ஒருவர் எண்ணினார்கள். விரிப்பு பதினான்கு. உறை இருபத்தெட்டு. துண்டு இருபது.

"ஒண்ணு குறையுது" என்றார் அக்கரைக்காரர், பிடித்துவிட்ட குரலில்.

"காலையில நான் எண்ணித்தான் அடுக்கினேன்" என்றாள் டேப்பக்கா.

"உங்க பசங்க யாராவது எடுத்திருப்பாங்களோ?" என்று இக்கரைக்காரர் அவரைத் திருப்பிக் கேட்டார்.

"நாங்க இந்த ரூம் பக்கமே வரலை. உங்க பசங்க?"

இருவரும் சட்டென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு குழுவும் தினம் மாலை அவரவர் இடத்துக்குப் போய்விடும். இல்லத்தில் தங்கியிருப்பது ஒரே ஒருவர்.

"ஒருவேளை, அவரா?"

"ஏன், அவரா இருக்கக் கூடாதா? எனக்கு முதல் நாள்லேர்ந்தே அவர் மேல ஒரு கண்ணு."

"எனக்கும்தான்!"

இரண்டு நாடுகளும் அன்றுதான் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. சேர்ந்தே போய்த் தூதரின் அறைக்கதவைத் தட்டினார்கள். இருபத்தொன்றாவது துண்டு, தூதரின் நடு முதுகில், வெந்நீர்ப் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"உங்க நாற்காலிங்கதான் காரணம்" என்றார் அவர் பரிதாபமாக. "ரெண்டு பக்கமும் சேர்ந்து எனக்கு ஒரு மெத்தை தரக் கூடாதா?"

அக்கரை அதிகாரி சிரித்துவிட்டார். சீட்டைத் தானே மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தார். கற்களைப் பற்றி ஒன்றும் முடிவாகவில்லை. கதவை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் திறப்பதென்று மாலைக்குள் எழுதினார்கள்.

அடுத்த வாரம் பாலத்து அலுவலகத்தில் அனுமதிப் படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வியே உறவு பற்றியது. டேப்பக்கா பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உண்மையை எழுதினால் அன்று கையெழுத்திட்டது பொய். வெறுமையாக விட்டால் தங்கையே இல்லை. கடைசியில் 'உடன்பிறந்த தங்கை' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் அதே இக்கரைப் பாதுகாப்பு அதிகாரி.

அவர் படித்தார். இழுப்பறையைத் திறந்து அவளுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"யாரும் இல்லைன்னு சொன்னீங்க."

"சொன்னேங்க."

"இப்போ?"

"அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, அது சலவைச் சீட்டுன்னு நீங்க நம்பியிருக்க மாட்டீங்க, ஐயா."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடக் குனிந்தபோது மேசை ஆடியது. அவளுடைய கை தன்னையறியாமல் முன்னால் வந்து, பயந்து பின்வாங்கியது. அவர் ஏதோ ஒரு தாளை நான்காக மடித்துக் குனிந்து காலடியில் செருகினார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

எந்தத் தாளை மடித்தார்? மேசைமேல் நிறையக் கோப்புகள் கிடந்தன. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தெருவில் இறங்கியதும் பைக்குள் போன் ஒலித்தது. அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். திரை லேசாக விலகியிருந்தது போலிருந்தது, காற்றாகவும் இருக்கலாம்.

"ராங் நம்பர்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை வர்றேன்டி."