மெமோவுக்கு வந்த விளக்கம்

தொழிற்சாலையின் நிலையாணை விதிகளின்படி, தொழிலாளி விளக்கம் கொடுத்த ஒரு வாரத்துக்குள் நிர்வாகம் முடிவு சொல்ல வேண்டும். 1991இல் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் அலுவலர். அங்கே வாசல் காவலாளி ஒருவர் இருந்தார். சாய்ந்த மூக்கு. யார் பேசினாலும் இடது தோளை உயர்த்தி, முகவாயை மறைத்துக்கொண்டு கேட்பார். பஸ் ஓட்டுநரோடு சண்டையிட்டு ஷிப்டு பஸ்ஸைத் தாமதப்படுத்தியதாக அவருக்கு மெமோ போனது. வேலையே போகலாம். 'சண்டை குறித்து விளக்கவும்' என்று கேட்டிருந்தோம்.

மூன்று பக்கம் எழுதி எடுத்து வந்தார். அதில் பஸ்ஸே இல்லை. அந்தக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் இருவரில் யார் பெரியவர் என்று ஓட்டுநர் சொன்னதும் இவர் சொன்னதும்தான் இருந்தன.

"ஏங்க, உங்க சண்டையத்தான கேட்டோம்?"

"நாங்க சும்மா பேசிக்கினு இருந்தோம் சார். சண்டைன்னா அவங்க போட்டதுதான். ஓங்கிக் குத்துறவன்தான் பெரியாளுன்றான் டிரைவரு. அத்தினி குத்தும் வாங்கிக்கினு அவனையே களைக்க வச்சான் பாரு இன்னொருத்தன், அவன் இன்னா சின்னாளா?"

திருத்த மறுத்துவிட்டார். அப்படியே மேலாளருக்கு அனுப்பினேன்.

ஆடியில் கொடுத்த விளக்கத்துக்கு மேலாளரின் பதில் ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது: 'எச்சரிக்கையுடன் பணியில் தொடரலாம். ஆயினும் ஓட்டுநர் சொன்னதே சரி.'

காவலாளி இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு அப்பீல் எதுனா கீதா சார்?"

தண்டனைக்கு உண்டு. கருத்துக்கு எந்த விதியிலும் இல்லை.