நாற்பத்திரண்டாம் பக்கம்

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கமா டீச்சர் என்பார்கள், அவள் காதில் விழாது என்ற நம்பிக்கையில். பதினெட்டு வருஷமாக எந்த நோட்டிலும் ஒரு பிழையைத் தப்பவிட்டவள் இல்லை.

இந்த வருஷம் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். படித்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதி அனுப்புவார்கள்; அவள் அனுமதித்தால்தான் வெளியே தெரியும். சட்டம் ஒன்றுதான்: கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு எழுத வேண்டும். நல்ல சட்டம். நல்ல சட்டங்கள்தாம் நம்மை யோசிக்கவிடுவதில்லை.

தையல்காரம்மாவின் மகள் நாற்பத்திரண்டாம் பக்கத்திலேயே எழுதி அனுப்பிவிட்டாள். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். வகுப்பில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

"இன்னும் முடிக்கலியேம்மா?"

"முடிச்சப்புறம் எழுதினா எல்லாம் தெரிஞ்சவ மாதிரி எழுதுவேன் டீச்சர். இப்பதான் பயமா இருக்கு."

"அந்தப் பயத்தப் பத்திரமா வெச்சுக்கோ. முடிச்சுட்டு வா, போடறேன்."

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவள் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அடுத்த திங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் காலையில் கணினியைத் திறந்தால், 'அனுமதிக்குக் காத்திருப்பவை: 1'. மற்றவர்கள் எழுதினால் ஆறாகும், ஒன்பதாகும். பார்த்து முடித்தால் மறுபடி ஒன்றில் வந்து நிற்கும். கமா டீச்சர் அதைத் திறக்கவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. பிள்ளைகளை வரிசையில் எண்ணும்போது சில நாள் ஒரு தலை கூடுதலாக வந்தது. திரும்ப எண்ணினால் சரியாக இருந்தது. அந்தச் சரிதான் அவளை உறுத்தியது.

மூன்று வாரம் கழித்து, மதிய இடைவேளையில் தையல்காரம்மா வந்தாள். கையில் நூலகப் புத்தகம். நடுவே ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

"புள்ள ஏதோ எழுதி அனுப்பினேன்னா. என்னடின்னு கேட்டா, டீச்சர் போட்டதும் படிச்சுக்கோன்னுட்டா. வந்துச்சா டீச்சர்?"

"இல்லம்மா. எதுவும் வரல."

பிழையில்லாத வாக்கியம். தையல்காரம்மா தலையாட்டிவிட்டு, கொடுக்க வந்த புத்தகத்தைக் கொடுக்காமலே அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, வகுப்பு தொடங்கும் முன், கமா டீச்சர் அந்த ஒன்றைத் திறந்தாள்.

'பூனை கலங்கரை விளக்கத்து மேல ஏறிடுச்சு. இறங்குமான்னு தெரியல. முடிச்சவங்க யாரும் முடிவ சொல்லாதீங்க நான் வந்துகிட்டே இருக்கேன்'

கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை. எதையும் திருத்தாமல் அனுமதித்தாள். வெளியிடும் நாளைத்தான் வலைப்பூ தேதியாகப் போடும் என்பது அப்போது அவள் நினைவில் இல்லை.

"டீச்சர்," முதல் பாடவேளையில் கணினி முன்னால் இருந்த ஒருத்தி மெல்லச் சொன்னாள், "குண்டூசி இன்னிக்கு எழுதியிருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. "எங்கேர்ந்து?" என்றது ஒரு குரல்.

"முன்னாடியே எழுதினது. நான்தான் போடாம வெச்சிருந்தேன்."

"ஏன் டீச்சர்?"

"முடிக்கலேன்னு."

கணினி முன்னால் இருந்தவள் திரையிலிருந்து திரும்பிச் சொன்னாள்: "நான் அந்தப் புக்க முடிச்சுட்டேன். ஆனா சொல்ல மாட்டேன்."

மதியத்துக்குள் 'காத்திருப்பவை: 7'. ஏழும் ஒன்றுபோலவே இருந்தன: சொல்ல மாட்டோம்.

சாயங்காலம் கமா டீச்சர் தையல்கடைக்குப் போனாள். தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேம்மா. அவ எழுதினது வந்துச்சு. நான்தான் போடல." கைப்பேசியை நீட்டினாள்.

தையல்காரம்மா உதடசைய இரண்டு முறை படித்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"இதோட முடிவு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"சொல்லாதீங்க."

வெட்டுத் துணிகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, சீட்டு இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கமா டீச்சர் கைப்பேசியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.