அருணாசலவடிவின் எறும்பு விசாரணை

கோழியிறகை மண்ணெண்ணெயில் முக்கி, கட்டில் காலும் சட்டமும் சேருகிற பொருத்தில் நுழைத்து, பூட்டில் சாவியைத் திருகுவதுபோல ஒரு திருகு திருகுகிறாள் அருணாசலவடிவு. இறகு வெளியே வரும்போது நுனியில் நாலைந்து மூட்டைப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பக்கத்திலிருக்கும் வெந்நீர்ச் சட்டிக்குள் உதறிவிட்டு, "குடும்பத்தோட குடியேறியிருக்கான்" என்கிறாள். பிறகு அடுத்த பொருத்து. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கு வந்தால், அவள் வீட்டுப் பின்முற்றத்தில் இந்தக் காட்சியை வாரம் தவறாமல் பார்க்கலாம்.

வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு. முழங்கை வரை எப்போதும் ஈரம். கணவர் வெள்ளத்துரைக்குக் கருப்பட்டி வியாபாரம். வீட்டின் முன்பக்கம் கடை, நடுவில் ஓலைச் சிப்பங்களில் கருப்பட்டி அடுக்கிய அறை, பின்னால் குடித்தனம். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர். மற்றவர்களை எண்ணி முடியாது.

குளிர் நாடுகளில் வருஷத்துக்கு மூன்று நான்கு மாதம் பூச்சிகள் அடங்கிக் கிடக்குமாம். எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் நான் நர்ஸ் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் சொல்லியிருக்கிறார். கரப்பானைக் கண்டால் மேஜைமேல் ஏறிவிடுகிறவர் அவர். எங்கள் ஊரில் அந்தச் சலுகை கிடையாது. சித்திரை வெயிலில் கட்டெறும்பு, ஆடிக் காற்றில் ஈ, ஐப்பசி மழையில் ஈசல், மார்கழியில் கொசு என்று முறை வைத்து வரும். கரப்பானுக்கும் எலிக்கும் முறை என்று ஒன்று இல்லை. போதாததற்குக் கடல் காற்றின் ஈரம். அது பட்டால் கருப்பட்டி மனிதரைப் போல வேர்க்கும். வேர்த்த கருப்பட்டியின் செய்தி எறும்புக்கு எப்படிப் போகிறது என்பதைக் கடவுள்தான் அறிவார். இரண்டாவதாக அருணாசலவடிவு அறிவாள்.

அவள் வீட்டில் விஷ மருந்து கிடையாது. "திங்கிற சாமான் இருக்க எடத்துல வெசத்தத் தெளிச்சுட்டு, நாலு பேரு வாயில மண்ணப் போடவா?" என்பாள். மண்ணெண்ணெய், வெந்நீர், மஞ்சள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய். படை அவ்வளவுதான். எதிரிகளுக்கு ஆளாளுக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறாள். கரப்பான், "வெட்டிப் பய". பல்லிக்கு "ஏட்டய்யா" என்று பெயர். சுவரில் ரோந்து போகிறதாம், அதனால் அடிக்கக் கூடாது. எலி விஷயத்தில் மட்டும் அரசாங்கத்தின் மேல் குறை. புதுத் துறைமுகம் திறந்து மூன்று வருஷமாகிறது. "சாமானெல்லாம் புது ஹார்பருக்குப் போயிட்டு. பழைய சரக்குக் கிட்டங்கியில இருந்த எலிக்கு மட்டும் ஆர்டர் போடல. அதுவ எல்லாம் எங்க வீட்டுக்கு வந்துட்டு."

எறும்பிடம் அவள் நடந்துகொள்ளும் விதம் வேறு. கண்டதும் அடிக்க மாட்டாள். முதலில் விசாரணை.

"எறும்பு சும்மா வராது நர்சம்மா. மொதல்ல ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போவான். அவன் போயிச் சொன்ன பெறவுதான் ஊரே கெளம்பி வரும். வந்தவன நசுக்கி என்ன புண்ணியம்? எதுக்கு வந்தான்னுல்லா பாக்கணும்?"

குத்தவைத்து உட்கார்ந்து, வரிசையின் கூடவே நகர்ந்து போவாள். எதிர்வீட்டு அற்புதமணி டீச்சரின் பீரோவுக்குள் எறும்பு போவதை அப்படித்தான் பின்தொடர்ந்து, புடவைகளுக்கு அடியில் இருமல் மருந்துப் புட்டி ஒழுகுவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சின்ன மகள் தலையணை உறைக்குள் கடலை மிட்டாய் ஒளித்துவைத்திருந்ததும் எறும்பு காட்டிக்கொடுத்ததுதான். மாப்பிள்ளைக்கு முன்னாலேயே அந்தக் கதையைச் சொல்லி மகளின் மானத்தை வாங்குவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு வரிசை மட்டும் பிடிபடவில்லை. பின்முற்றத்துச் சுவர் மூலையில் மூன்று மாதமாக எறும்பு மொய்த்தது. அங்கே சோற்றுப் பருக்கை கிடையாது, செத்த பூச்சி கிடையாது, கருப்பட்டி அறையும் எட்டத்தில் இருந்தது. வெந்நீர் ஊற்றினாள். சுண்ணாம்பு பூசினாள். மஞ்சள்பொடி தூவினாள். ஒரு நாள் இருக்காது, மறுநாள் வந்துவிடும். "அங்கன என்ன இனிப்பு கெடக்கு நர்சம்மா? தோண்டிக்கூடப் பாத்துட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். கருப்பட்டி வீட்டில் எறும்பு வராமல் என்ன வரும் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் சொல்லத்தக்க பதில் இல்லை அது.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஊசி போட, புண் கட்ட என்று சந்தில் எல்லாரும் கூப்பிடுவதுதான். போனபோது வெள்ளத்துரை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கால் பெருவிரல் நுனியில் சதை இல்லை. விரிப்பில் உள்ளங்கையகலம் ரத்தம். எலி கொறித்திருந்தது.

"பாத்தியளா நர்சம்மா, பொண்டாட்டி இம்புட்டுக் காவல் காத்தும் எலி என்னயத் தின்னுட்டுப் போயிருக்கு" என்று அவர் சிரித்தார்.

அருணாசலவடிவு சிரிக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். "எம் வீட்டுல. எம் கட்டில்ல" என்றாள். போருக்குப் போய்த் தோற்றவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்.

"கடிக்கும்போது முழிக்கலியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சாத்தான முழிக்கதுக்கு? காலயில துணியப் பாத்த பெறவுதான் தெரியும்."

புண்ணைக் கழுவி டிங்சர் அயோடின் வைத்தேன். பச்சைப் புண்ணில் அது பட்டால் லாரி ஓட்டுகிற ஆண்பிள்ளையும் அலறுவான். இவரோ உடன்குடியிலிருந்து சரக்கு லாரி வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லி, ஊக்கை எடுத்து உள்ளங்காலில் மூன்று இடத்தில் குத்தினேன்.

"ஏன் நர்சம்மா, இன்னும் குத்தலியா?" என்றார்.

"தண்ணி தாகம் உண்டா? ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறாரு?" என்று அவளிடம் கேட்டேன்.

"செம்பு செம்பாக் குடிக்காவ. நாலு தடவ, அஞ்சு தடவ எந்திப்பாவ."

"எங்க போவாரு?"

"இந்தா, பின்னால, அந்த..." என்று முற்றத்துப் பக்கம் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய்ச் சோதனைக் குழாயும், நீல நிற பெனடிக்ட் மருந்தும், ஸ்பிரிட் விளக்கும் எடுத்து வந்தேன். குழாயில் மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இங்கே பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. விஷயத்தை மூடாமல் சொன்னேன். சர்க்கரை நோய், ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, காலில் உணர்ச்சி போய்விட்டது. இதைவிடச் சின்னப் புண்ணோடு வந்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் நாசூக்கு உதவாது.

வெள்ளத்துரை அசையவில்லை. "எங்கய்யா தெனமும் ஒரு வட்டுக் கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டே எம்பது வயசு மட்டும் பன ஏறுனாவ. சக்கர வியாதி வக்கீலுக்கும் தாசில்தாருக்கும் வாரது. கருப்பட்டி விக்கவனுக்கு எப்படி வரும்? சாயத் தண்ணியச் சுட வச்சா நெறம் மாறத்தான் செய்யும்."

அருணாசலவடிவு முற்றத்து மூலைக்குப் போய்க் குத்தவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நர்சம்மா கொழாய நம்ப வேண்டாம். டாக்டரு சொன்னாலும் நம்ப வேண்டாம். எறும்பு பொய் சொல்லாது. இனிப்பு இல்லாத எடத்துக்கு அது வராது" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டாள். "மூணு மாசமா வந்து சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான் வெந்நிய ஊத்தியிருக்கேன்."

வீட்டை இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்ளாத ஒருத்தியாக இருந்திருந்தால், அந்த மூலை எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் அதை அப்போது சொல்வதில் பயனில்லை. அவளை அழவும் விடவில்லை. புண் கழுவிய பேசினை அலம்பி எடுத்துவரச் சொன்னேன்.

நாளைக் காலையில் முதல் ஆளாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார் வெள்ளத்துரை.

"ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார்."

"அப்ப பங்குனி கழியட்டும். நாளைக்கு லாரி வருது நர்சம்மா. டீக்கடக்காரன்வ விடியுமுன்ன வந்து நிப்பான்வ. கடைய யாரு தொறப்பா?" என்றவர் மனைவியைப் பார்த்தார். "நீயாளா தொறப்ப?"

அது கேள்வி இல்லை, கேலி. அந்தக் குடும்பத்தில் கடைப் பலகை திறந்திருக்கிற நேரத்தில் பெண்கள் முன்பக்கம் போகிற வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில், பகல் வெளிச்சத்தில் தன் வீட்டுக் கடையை அவள் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். அவள் தரையில் கிடந்த ரத்தத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சீட்டை எழுதிச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, புண்ணைத் திரும்பக் கட்டலாம் என்று பஞ்சும் துணியுமாகப் போனேன். பின்கட்டில் கட்டில் காலியாக இருந்தது. படத்தின் கீழே சீட்டைக் காணவில்லை. முன்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. சிப்ப அறையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

கடைப் பலகைகள் அத்தனையும் கழற்றிச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கல்லாப் பெட்டிக்குப் பின்னால், வெள்ளத்துரையின் இடத்தில், முந்தானையைத் தோள் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு அருணாசலவடிவு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அவரு?"

"எந்தம்பி இசக்கியப்பன் ரிக்‌ஷாவுல கூட்டிட்டுப் போயிருக்கான்."

"சம்மதிச்சாரா?"

"அவிய எந்திக்க முன்னயே வந்து நான் ஒக்காந்துட்டேன். வந்து பாத்தாவ. ஏச்சுன்னா ஏச்சு, அப்படி ஒரு ஏச்சு. நீங்க ஒக்கார எடமில்ல, போயிட்டு வாங்கன்னேன்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தெருவில் ஐந்தாறு ஆண்கள் நின்றிருந்தார்கள்; ஒருவரும் படியேறவில்லை. முன்னால் நின்றவர் மூலைக் கடை நயினார். தினமும் அவருடைய டீக்கடைக்கு இரண்டு கிலோ இங்கேதான். கையில் பையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணாச்சி இல்லியா? அப்ப... நான் பெறவு வாரேன்."

அருணாசலவடிவு இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துத் தராசின் ஒரு தட்டில் வைத்தாள். அது தடாலென்று இறங்க, மறுதட்டு வெறுமையாக மேலே ஏறி நயினாரின் மார்புக்கு நேரே ஆடியது. அவள் சிப்பத்துக்குள் கையை விட்டுக் கருப்பட்டியை ஒவ்வொரு வட்டாக எடுத்து அந்தத் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது வட்டு விழுந்தபோது நயினார் படியேறி வந்து பையை விரித்துப் பிடித்தார்.