இரண்டரைக் கிலோ லயம்

“ஒக்டோபர் 15, செவ்வாய். காலை முழுக்க மூடுபனி, பிறகு தூறல். ஆறு காம்பராவும் படமெடுத்து முடிந்தது. லயத்தில் ஆள் இல்லை.” கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது என் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதிய வரிகள் இவை. எழுதியதைத் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் பேனாவைக் கையில் எடுத்து, மறுபடியும் கீழே வைத்துவிடுகிறேன்.

நான் இருப்பது ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்தில். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்ததும், ஹீட்டரைப் போடுவதற்கு முன், மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறப்பேன். உள்ளே விசிறிகள் இரையத் தொடங்கும். விசைப்பலகையின் மேல் சூடு கிளம்பும். அதில் கைகளைச் சூடேற்றிக்கொண்டே, இலங்கையின் ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த லயத்துக்குள் நடப்பேன்; ஒரே கூரையின் கீழ் ஒட்டி நின்ற ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். மவுஸை நகர்த்தினால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் முன் தாழ்வாரம் வரும், பிறகு கதவு, பிறகு புகை படிந்த சுவர். உண்மையான லயம் இன்று இல்லை. மலையில் வெடிப்பு கண்டு, மண்சரிவு அபாயம் என்று எல்லாரையும் கீழே புது வீடுகளுக்கு மாற்றினார்கள். தகரங்களைக் கழற்றினார்கள், சுவர்களைத் தள்ளினார்கள். வாசற்படிகள் மட்டும் கிடக்கின்றன என்று என் தங்கை செல்வி சொல்கிறாள்.

இங்கே அப்போது என் தொழில் பழைய கல் கட்டடங்களைப் படமெடுப்பது. யாரும் குடியிருக்காத ஒரு வீட்டின் ஜன்னலை மாற்றக்கூட இந்த நாட்டில் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட சுவர்களை எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக் கொடுத்தால், கணினி அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முழுக் கட்டடமாக எழுப்பிக் காட்டும். அதற்காகத்தான் அந்தப் பலமான, கனமான இயந்திரத்தை வாங்கினேன். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நிறைந்திருந்த எங்கள் லயத்தை ஒரு பிற்பகலில் பிரிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே, பிரிப்பதற்கு முன் நானே போய் எடுத்தேன். செல்வியின் கணவர் முருகேசு என் தலைக்கு மேல் குடை பிடித்தபடி கூடவே வந்தார். “மச்சான், கல்யாண வீட்டுலகூட இத்தன படம் எடுக்கமாட்டாங்க” என்று காலை முழுக்கச் சலித்துக்கொண்டார்.

இந்த முறையில் ஒரு விதி உண்டு. அசைவதைக் கணினி தள்ளிவிடும். அசையாமல் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால் கணினிக்குள் எழும்பிய லயத்தில் முருகேசு இல்லை, குடை இல்லை, காலுக்கடியில் திரிந்த கோழிகள் இல்லை. ஆனால் ஐந்தாவது காம்பராவின் படியில், எங்கள் வீட்டுப் படியில், யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் இல்லை. தோள் இருக்கிறது, குனிந்த முதுகு இருக்கிறது, மடியில் ஏதோ இருக்கிறது. எடுத்த படங்கள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் ஆள் கிடையாது, வாசலில் தேங்கி நின்ற பனிதான். பனியைக் கணினி சிலவேளை கெட்டியான பொருளாக எடுத்துக்கொள்ளும், அழித்துவிட்டுப் போ என்று என்னோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். அழிப்பது சுலபம். நான் அழிக்கவில்லை.

அம்மாவுக்கு லயத்தைக் காட்டியது என் யோசனைதான். புது வீட்டில் அவருக்குக் கால் ஒட்டவில்லை. வீடியோ கோலில் ஃபோனைத் திரைக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வாசலாகக் கூட்டிப்போனேன்.

“கொஞ்சம் நிறுத்து” என்றார் அம்மா. “ஏன்டா அங்க ஒக்காந்திருக்க?”

“யாரும்மா?”

“யாரா? நீதான். தோள தொங்கப் போட்டுக்கிட்டு, பைய மடியில வச்சிக்கிட்டு.”

“நான் படம் எடுத்துக்கிட்டு நின்னேம்மா. அன்னைக்கு ஒக்காரவே இல்ல.”

“ஆமா, ஒக்காராமத்தான் ஒக்காந்திருக்க.”

அம்மாவின் புத்தி தடுமாறியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். யாருடைய கல்யாணம் எந்த மாதம், எந்தக் குழந்தை எந்த மழையில் பிறந்தது என்று என் ஞாபகத்தைத் திருத்துபவரே அவர்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கோலிலும் அந்தப் படியைக் காட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருப்பார். டிசம்பரில் ஒருநாள் செல்வி தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அம்மா இன்னைக்கும் மேல, நம்ம பழைய படிக்குப் போச்சு. போத்தல்ல தேத்தண்ணி ஊத்தி எடுத்துக்கிட்டு.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்.”

திறந்திருந்த மடிக்கணினியை மூடினேன்.

“மழைக்கு மண்ணு எறங்குது. யாரும் போகக் கூடாதுன்னு போர்டு நட்டிருக்காங்க. அம்மா அந்தப் போர்டுலயே கைய ஊனி ஏறுது. இனி அதக் காட்டாதீங்க.”

“கேட்டா என்ன சொல்ல?”

“லெப்டொப் ஒடஞ்சு போச்சுன்னு சொல்லுங்க.”

“பொய்யா?”

“அப்ப ஒடச்சிருங்க.”

அந்த மாதமே எனக்கு வேலை மாறியிருந்தது. இப்போது ரயிலில் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதுவதுதான் தொழில். அதற்கு மெல்லிய கணினியே தாராளம். பழையது இரண்டரைக் கிலோ. அதன் சார்ஜரும் சேர்ந்தால் வலது தோள் இறங்கிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் என்னதான் சுமக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பழையதைக் கொடுத்தால் லேசானதைத் தரும் கடை ஒன்று என் தெருவிலேயே இருந்தது. ஆனாலும் மூன்று வாரம் போகவில்லை. கணினி கையில் இருக்கும்வரை அம்மா கேட்பார். கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. காட்டினால் அவர் மலையேறுவார். கொடுத்துவிட்டால், படியில் இருப்பது யாராக இருந்தாலும், அவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாக ஆகும். ஓர் இரவு அதை மட்டும் அழித்துவிடலாம் என்று அழிப்பானை அந்தத் தோளின் மேல் கொண்டுபோய் வைத்தேன். என் தோள் வலித்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போனேன். கடைக்கார இளைஞன் கணினியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பலம் எதற்கு? கேம் விளையாடவா?” என்று கேட்டான்.

“இல்லை. ஊரில் இருக்கும் என் வீட்டைப் பார்க்க.”

“பாதுகாப்புக் கேமராவா? அதற்கு இது வேண்டாம், ஃபோனே போதும். வாசலில் யாராவது வந்து உட்கார்ந்தால் அதுவே மணியடித்துச் சொல்லும்.”

“யாரும் வருவதில்லை” என்றேன்.

“அப்படியானால் நிம்மதி” என்று சிரித்தான்.

உள்ளே இருப்பதையெல்லாம் என் கண் முன்னாலேயே அழித்தான். விசிறிகள் உச்சத்துக்குப் போய் இரைந்தன, பிறகு அடங்கின. ரசீதில் நேரம் காலை 11.40. படங்கள் என்னிடம் தனியாக இருக்கின்றன. மெல்லிய கணினி அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும். சேர்த்து லயமாக எழுப்ப அதற்குச் சக்தி கிடையாது. வீட்டுக்கு நடந்து வரும்போது பை காலியாக இருப்பதுபோலிருந்தது. இரண்டு தரம் நின்று, கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கணினியை மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் செல்வி கூப்பிட்டாள். “அண்ணே, நேத்து அம்மா மேல போயிட்டு வந்து, இனி போக வேணாம்னு சொல்லுது. நீங்க ஏதும் பேசினீங்களா?” இல்லை என்றேன். ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள்.

“ஏம்மா, இனி போகலயாம்?”

“நீதான் எந்திரிச்சிட்டியே. அப்புறம் நான் எதுக்கு?”

“எந்திரிச்சு எங்க போனேன்?”

“குறுக்கால எறங்கி ரோட்டுக்குப் போன. இந்தத் தடவ பை கனமில்ல போல, வெரசா நடந்த. கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல.” சற்று நிறுத்தி, “சாப்டியா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா மேலே போகவில்லை. செல்விக்கு நிம்மதி. நான் மட்டும் நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரசீதில் உள்ள 11.40 ராகலையில் மாலை 5.10. அம்மா திரும்பி வந்தது விளக்கு வைக்கிற நேரம் என்று செல்வி முதலில் சொன்னாள். அடுத்த முறை கேட்டபோது, இல்லை, மத்தியான மழைக்கு முன்னாடியே வந்துவிட்டது என்றாள். மூன்றாவது முறை, “அண்ணே, அத வச்சு என்ன செய்யப்போறீங்க?” என்றாள். எது முந்தியது என்று தெரிந்தால், நான் இங்கே கொடுத்த பிறகு அங்கே எழுந்தேனா, அங்கே எழுந்துவிட்டதால்தான் இங்கே கொடுக்க முடிந்ததா என்று எழுதலாம். அந்த நேரம் இதுவரை உறுதிப்படவில்லை. ரோட்டில் இறங்கியவன் நுவரெலியா பஸ்ஸில் ஏறினானா, இன்னும் அங்கேயே நிற்கிறானா என்றும் கேட்டேன். பனி மூடியிருந்ததால் பார்க்கவில்லை என்கிறார் அம்மா.