மாறிகளுக்குக் கதவு வைத்தோம்

கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று தயாரிக்கும் சிறு கருவிகளின் ஒபரேட்டிங் சிஸ்டத்தை நானும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரும் கவனித்துவந்தோம். இருவருமே ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காக முடித்தால் நிரந்தரமாக்கலாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது அந்தப் பேச்சை நம்பித்தான்.

அந்தப் புரோகிராமில் முக்கியமான மாறிகளின், அதாவது கருவியின் நிலையைக் குறித்து வைக்கும் இடங்களின், மதிப்பை எந்த வரியும் இஷ்டத்துக்கு மாற்றலாம். கருவி நின்றுபோனால் எந்த வரி கைவைத்தது என்று தேடியே மண்டை காய்ந்துவிடும். எங்கே தேட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இனி யாரும் மாறியை நேரடியாகத் தொடக்கூடாது, அதற்கென எழுதிய செட்டர் என்ற சிறு துண்டு நிரல் வழியாகத்தான் மாற்ற வேண்டும் என்று வரி வரியாகத் திருத்தினோம்.

ஓரிடத்தில் நான் சொதப்பினேன். புரோகிராமின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஒரு மாறியை மாற்றாதிருக்க, செட்டர் உள்ளே போனதும் ஒரு பூட்டைப் போடும். ஏற்கெனவே அதே பூட்டைப் போட்டிருந்த இடத்திலிருந்து நான் அதை அழைத்துவிட்டேன். பூட்டு எப்போது திறக்கும் என்று செட்டர் காத்துக் கிடக்க, கருவி அசையவேயில்லை. அந்தப் பெண்தான் கண்டுபிடித்தார்.

"நீங்களே பூட்டிப்போட்டு, நீங்களே வாசல்ல நிக்கிறியள்," என்றார்.

எல்லாம் முடிந்து சோதனைகளும் தேறிய அன்று கீழே போய் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிச் சாப்பிட்டோம். எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மறுவாரம் மனேஜர் இருவரையும் கூப்பிட்டார். அக்குறணைக்காரர், நல்ல மனிதர். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வேல நல்லா இருக்காம், தம்பி. இனி யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்னு அங்க சொல்றாங்க. ஒப்பந்தத்த நீடிக்க மாட்டாங்களாம்."

கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? பாராட்டிவிட்டல்லவா அனுப்புகிறார்கள்.

சம்பளம் குறைந்த இன்னொரு நாட்டில் புதிதாக ஒருவரை எடுத்திருந்தார்கள். அவருக்கு வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் விளக்கிக் கொடுக்க ஒரு வாரம் ஒதுக்கியிருந்தோம். முதல் நாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஏதாவது கேட்க இருக்கிறதா என்று விசாரித்தேன். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தோம்.