நாற்றுமேடைக்குப் போன மாணவி

1. மழை

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் பள்ளித் தோட்டத்தை மழை அடித்துக்கொண்டு போயிற்று.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் பள்ளிக்கூடம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் ஒருவனே ஆசிரியன். யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்தவன், கண்டியில் பயிற்சி முடித்து வந்திருந்தேன். எழுத்தும் கணக்கும் போலவே விவசாயமும் கற்பிக்க வேண்டும் என்பது உத்தரவு. பயிற்சியில் படித்தபடி கயிறு பிடித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்நேராகப் பாத்தி போட்டேன். பேராதனை விவசாய இலாகாவிலிருந்து வந்த முட்டைக்கோவா விதை முளைத்து நாலு இலை விட்டிருந்தது. ஒரு பிற்பகல் மழை போதுமாக இருந்தது.

சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் வகுப்பு அங்காயி பக்கத்தில் வந்தாள். ஒன்பது வயதுப் பெண். அவள் தாய் மூக்காயி கொழுந்து பறிப்பவள். தகப்பன் இல்லை.

“ஐயா, பாத்திய மலைக்குக் குறுக்கால போடணுமுங்க. தேயிலைக்குள்ள தண்ணி போகக் கான் வெட்டி வச்சிருக்காங்கல்ல, அந்த மாதிரி. இல்லாட்டி தண்ணி மண்ண அள்ளிக்கிட்டுத்தான் போகும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: “எப்பிடி எண்டு காட்டு, பிள்ளை.”

காட்டினாள். பிள்ளைகள் ஓடையிலிருந்து கல் சுமந்து வந்து வரம்பு கட்டினார்கள். அடுத்த மழைக்கு ஒரு நாற்றும் சாயவில்லை.

2. கொப்பி

இரண்டு வருடத்தில் அந்தச் சரிவில் கோவா, போஞ்சி, நோக்கோல், கறிமிளகாய் என்று மரக்கறி எல்லாம் விளைந்தன. பிள்ளைகள் விளைந்ததைப் பகிர்ந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டு போனார்கள். அங்காயி ஒரு கொப்பி வைத்திருந்தாள். என்று விதைத்தது, என்று முளைத்தது, எந்தப் பாத்தியில் புழு விழுந்தது, சாம்பல் தூவியதும் என்ன நடந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். நான் எழுதச் சொன்னதில்லை. நாற்று நட்டால் வேர் மடங்காமல் நடுவாள். அவள் கை பட்ட நாற்று பட்டுப்போய் நான் கண்டதில்லை.

இவளைக் கண்டியில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. எழுதிக் கேட்டேன். இடம் இருக்கிறது, எஸ்டேட் துரையின் சம்மதக் கடிதத்தோடு வரட்டும் என்று பதில் வந்தது.

துரையிடம் எப்படிக் கேட்பது? அவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. தோட்டத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்தேன். பார்வையிட வரும்படி நானே போய் அழைத்தேன்.

3. பார்வை

குதிரையில் வந்தார். சுற்றிப் பார்த்தார். கல் வரம்பைப் பிரம்பால் தட்டிப் பார்த்தார்.

“வாத்தியார், இது யார் செஞ்சது?”

பிள்ளைகள் எல்லாரும் செய்தது என்று சொல்லியிருக்கலாம். நான் அங்காயியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். கொப்பியைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு நாற்றைப் பிடுங்கி மறுபடி நட்டுக் காட்டச் சொன்னேன். துரை குனிந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கை,” என்றார். “என்ன வயசு?”

“பதினொண்ணுங்க,” என்றாள் அங்காயி.

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “பார்க்கலாம், பார்க்கலாம்,” என்று குதிரையில் ஏறினார். அன்று மாலை முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அங்காயி வரவில்லை. மத்தியானம் கொழுந்துக் கூடையோடு மூக்காயி வந்து வாசலில் நின்றாள்.

“வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டாங்க ஐயா. தேயில நாத்துமேடைக்கு அந்தப் புள்ளதான் வேணும்னு தொரையே சொன்னாராம்.”

“நீங்கள் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லிட்டு லயத்துல குடியிருக்க முடியுங்களா? காம்பராவ விட்டு எறங்குன்னா எங்கிட்டுப் போவோம்?”

பங்களாவுக்குப் போனேன். துரை வெளி விறாந்தையில் கதிரையில் இருந்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை.

“ஸ்கூல்ல தோட்டம் எதுக்கு, வாத்தியார்? நல்ல வேலைக்காரன் வர்றதுக்கு. இப்போ வந்தாச்சு. நீ நல்ல வாத்தியார்.”

எத்தனையோ பதில் இருந்தது. நான் சொன்னது, “ஓம், சேர்.” படியிறங்கி வந்துவிட்டேன்.

4. பரிசு

அந்த வருடம் பள்ளித் தோட்டங்களுக்கான போட்டியில் எங்களுக்கு முதலிடம். சான்றிதழில் என் பெயரை எழுதியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் நாற்றுமேடையைக் கடந்தேன். அங்காயி ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். சுகமா என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“ஐயா, அன்னிக்கு எதுக்குங்க என்னையக் கூப்பிட்டீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். அதற்குள் கங்காணி சத்தம் போட்டார். அவள் குனிந்துகொண்டாள். நான் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

பிறகு அம்பிட்டியவிலும் கண்டி நகரத்திலும் பல வருடம் படிப்பித்தேன். பல தோட்டங்கள் போட்டேன். பார்வையிட வந்தவர்கள் யார் செய்தது என்று கேட்டால், “எல்லாரும்தான், சேர்” என்பேன். எந்தப் பிள்ளையையும் முன்னால் நிறுத்தியதில்லை. அடக்கம் என்று என்னைப் புகழ்ந்தார்கள்.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். பாத்தியை மலைக்குக் குறுக்கே போடுங்கள் என்கிறேன். பிள்ளையின் திறமையைக் காட்டும் முன்னே, பார்க்க வருகிறவருக்கு என்ன தேவை என்று விசாரியுங்கள் என்கிறேன். முதலாவதை எனக்குக் கற்றுத் தந்தவள் அங்காயி. இரண்டாவதை நான் கற்றதற்கு விலை கொடுத்தவளும் அவள்தான்.